மேப்புக்காரர் குடித்த தண்ணீர்

அவர் யாரிடமும் வழி கேட்க மாட்டார். பார்த்த அன்றே அது தெரிந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி. ஜவ்வாது மலைக்கு அப்போது பஸ் ஏதோ பேருக்கு வந்துபோய்க் கொண்டிருந்தது. சாமை மூட்டையைக் கீழே அனுப்பிவிட்டு பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பேன்ட், கான்வாஸ் ஷூ போட்ட ஒருவர் இறங்கினார். நாற்பது வயது இருக்கும். தோளில் பை, கையில் நீளமாக ஒரு தகரக் குழாய். ஏரிக்கரை ஊருக்குப் போக வேண்டும் என்று கண்டக்டரிடம் சொன்னார். அது என் ஊர்.

"நானும் அங்கதாங்க போறேன். வாங்க" என்றேன்.

"இல்லீங்க. வழி இருக்கு."

குழாயைத் திறந்தார். துணி ஒட்டிய பழைய தாள் ஒன்றை உருவி விரித்தார். முழுக்கக் கறுப்புக் கோடு, நத்தை ஊர்ந்த மாதிரி. விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் ஒத்தையடிப் பாதை போகுது. கிட்ட" என்று சொல்லிவிட்டு எதிர்த் திசையில் நடந்தார்.

அந்தப் பக்கம் பாதை கிடையாது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஆள் புதருக்குள் போய்விட்டார்.

நான் ஊருக்கு வந்து, குளித்து, களி தின்று, மாட்டைக் கட்டி முடித்த பிறகு அவர் வந்து சேர்ந்தார். சட்டையில் ஒரு கை பாதிதான் இருந்தது. முகத்தில் முள் கிழித்த கோடுகள். ஆனால் முகம் கல்யாண வீட்டுக்கு வந்தவர் முகம்.

"பாதை இருந்துதுங்க" என்றார் என்னிடம். "வெள்ளைக்காரன் காலத்துல."

என் வீட்டுக்காரி வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கு வாய் அதிகம். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"அப்போ வெள்ளைக்காரன் காலத்துலயே வந்திருக்கலாமே சார்" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வந்திருக்கலாம்" என்றார்.

கீழே ஏதோ ஒரு டவுனில் படம் வரைகிற வேலை. சர்வே சம்பந்தப்பட்ட ஆபீஸ் என்றார். கோடையில் லீவு போட்டுவிட்டு வருவார். மூன்று கோடை வந்தார். பிறகு வரவில்லை. பேரைச் சொல்லித்தான் இருந்தார். ஊரில் யாரும் அதை வைத்துக்கொள்ளவில்லை. மேப்புக்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஊர்க்கோடியில் ஏரி ஓரமாகச் சும்மா கிடந்த ஓட்டுக் கொட்டகையில் தங்கிக்கொண்டார்.

அவரிடம் இரண்டு படம் இருந்தது. பழைய படத்தில் எங்கள் ஏரி கிடையாது. ஓர் ஓடை மட்டும் போகும். ஏரி பிற்பாடு கரை கட்டி வந்தது. புதுப் படத்தில் ஏரி நீலமாக, அவரைக்காய் மாதிரி வளைந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் போட்டுக்கொண்டு எது இருந்தது, எது போனது என்று பார்ப்பார். அதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. லீவில் அவர் சொந்தக் காசில் செய்தது அது.

"இன்னாத்துக்கு சார் இதெல்லாம்?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

"ஊரு முன்ன எப்படி இருந்துதுன்னு தெரிய வேணாமாம்மா?"

"இப்போ எப்படி கீதுன்னு தெரிஞ்சா பத்தாதா?"

"பத்தாதும்மா."

படம் ஒன்று சொல்லி, கண் ஒன்று சொன்னால் அவர் படத்தின் பக்கம் நிற்பார். "மேப்பு பொய் சொல்லாதுங்க. பழசாவும். அவ்ளோதான்" என்பார். பாறை இருக்க வேண்டிய இடத்தில் பாறை இல்லை என்றால், "தரை மாறிப் போச்சு" என்பார். ஏதோ தரை செய்த தப்பு மாதிரி.

என் பங்காளி ஒருவன் ஆட்டுப்பட்டி போட்டிருந்தான். ஒரு நாள் மேப்புக்காரர் அங்கே வந்து நின்றார். படத்தைப் பார்த்தார். பட்டியைப் பார்த்தார்.

"இந்த எடத்துல கோயில் இருந்துதுங்க" என்றார்.

பங்காளி கன்னத்தில் போட்டுக்கொண்டான். அத்தனை வருஷமாக ஆடு புழுக்கை போட்ட இடம். அன்றைக்கே ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டுக்குள் அடைத்தான். பட்டியைக் கூட்டி, சாணி தெளித்து, விளக்கு வைத்தான். அவன் பெண்டாட்டி மஞ்சள் துணி கட்டினாள். ஊரே போய்க் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன்.

மறுநாள் மேப்புக்காரர் தயங்கித் தயங்கி வந்தார்.

"மன்னிச்சிக்கோங்க. படத்த கொஞ்சம் சாச்சுப் புடிச்சிட்டேன். கோயில் அந்த மேட்டுல" என்று கையைக் காட்டினார்.

மேட்டில் கோயில் இருந்தது. எப்போதும் இருக்கிற கோயில்தான். நாங்கள் பொங்கல் வைக்கிற கோயில்.

"அது எங்களுக்கே தெரியுமே சார்" என்றான் பங்காளி.

"மேப்புலயும் சரியா இருக்கு, பாருங்க" என்றார் அவர், சந்தோஷமாக.

ஆடுகள் பட்டிக்குத் திரும்பின. மஞ்சள் துணி மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. அவிழ்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவர் தூரம் அளக்கிற விதம் ஊருக்கே வேடிக்கை. படத்தில் உள்ள கோட்டின் மேல் நூலை வைத்து வளைத்து எடுப்பார். நூலை ஸ்கேலில் வைத்துப் பார்ப்பார். பிறகு தரையில் அத்தனை தப்படி நடப்பார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே போவார். நடுவில் யாராவது பேசினால் எண்ணிக்கை போய்விடும். மரியாதைக்காரர், பதில் சொல்லாமல் போக மாட்டார். பதில் சொல்லிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போவார். பெண்களுக்கு இது தெரிந்துபோனது.

"இன்னா சார், சாப்ட்டீங்களா?" என்பாள் ஒருத்தி.

"ஆச்சும்மா." திரும்பிப் போவார்.

"இன்னா சார், வூட்ல எல்லாம் சௌக்கியமா?" என்பாள் அடுத்தவள், அவர் பாதி தூரம் வந்ததும்.

"சௌக்கியம்மா." திரும்பிப் போவார்.

அவருக்கு வீட்டில் யாரும் கிடையாது. கல்யாணம் ஆகவில்லை. அது தெரிந்துதான் கேட்பார்கள்.

இன்னொன்று, வெந்நீர் தவிர வேறு எதுவும் குடிக்க மாட்டார். வயிறு கொஞ்சம் லேசு. மூன்று கல் கூட்டி, ஒரு அலுமினியக் குண்டானில் காய்ச்சி, ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றிக்கொள்வார். என் வீட்டுக்காரி கொஞ்ச நாள் அவரை வெந்நிக்காரர் என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தப் பேர் ஒட்டவில்லை.

மூன்றாம் கோடையில் ஏரி வற்றியது.

இரண்டு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மலைச்சுனையில் சொட்டுச் சொட்டாக வருவதைப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து பிடித்தார்கள். அது மனிதருக்கே போதவில்லை. மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. ஊர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. அடுத்த சந்தை நாளில் கலசப்பாக்கம் பக்கத்து மாட்டு வியாபாரி லாரி கொண்டு வருவான். எல்லா மாட்டையும் ஏற்றிவிடுவது. பிறகு படவேட்டுப் பக்கம் இறங்கி, கரும்புக் கொல்லையில் கூலிக்கு நிற்பது.

எனக்கு ஒரு ஜோடி எருது, ஒரு பசு. எருது போனால் மழை வந்தாலும் உழ முடியாது. உழாத நிலத்துக்கு யாரும் திரும்பி வர மாட்டார்கள். முன்னே அப்படி இறங்கிப் போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் இப்போது ஊணாங்கொடி படர்ந்திருக்கிறது. அதனால் இறங்குவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

மேப்புக்காரர் அந்த வாரம்தான் வந்தார். கரை மேல் ஏறி நின்று பார்த்தார். "ஏரி காஞ்சிடுச்சி!" என்று கத்தினார். தேர் வருகிறது என்று சொல்கிற மாதிரி.

பக்கத்தில் என் வீட்டுக்காரி காலிக் குடத்தோடு நின்றிருந்தாள். குடத்தைக் கவிழ்த்து அவருக்குக் காட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு மேலே இருந்தது போய்விட்டது.

அவர் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. பழைய படத்தில், இப்போது ஏரி இருக்கிற இடத்தில், ஏழு சின்னக் கட்டங்களும் ஒரு வட்டமும் உண்டு. கட்டம் என்றால் வீடு. வட்டம் என்றால் கிணறு. "இங்க ஒரு ஊரு இருந்துதா?" என்று இரண்டு கோடையாக வீடு வீடாகக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. ஊர் மூப்பரிடம் கேட்டார். மூப்பர் என்றால் எங்கள் ஊருக்குப் பெரியவர். நல்லது கெட்டது அவர் சொல்படிதான். அவர், "இல்ல" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

வந்த மறுநாள் காலையில் அவர் கரை மேல் உட்கார்ந்திருந்தார். நான் ஏரிக்குள் இறங்கி, குறுக்கே நடந்து, சுனைப் பக்கம் போய்த் திரும்பி வந்தேன். காய்ந்த ஏரியில் நடந்து நடந்து வெள்ளையாக ஒரு தடம் விழுந்திருந்தது.

"இன்னாங்க, எல்லாரும் ஏன் வளைஞ்சி போறீங்க?" என்றார்.

"யாரு?"

"நீங்கதான். எல்லாருந்தான். இங்க வந்து பாருங்க."

கரை மேல் ஏறிப் பார்த்தேன். தடம் நேராகப் போனது. நடுவில் கர்ப்பிணி வயிறு மாதிரி ஒரு வளைவு. திரும்ப நேர். வளைவுக்கு உள்ளே பாறை இல்லை, பள்ளம் இல்லை, முள் இல்லை. வெறும் வெடித்த மண். சுற்றிக்கொண்டு போக ஒரு காரணமும் இல்லை. ஏரி வற்றும்போதெல்லாம் நான் அப்படித்தான் நடந்திருக்கிறேன். என் அப்பா பின்னால் நடந்தேன், அவர் அவருடைய அப்பா பின்னால் நடந்திருப்பார். ஆடுகள்கூட அப்படித்தான் போயின.

"எப்பவும் அப்படித்தான்" என்றேன்.

அவர் படத்தை விரித்தார். நூலை வைத்தார். வளைவைப் பார்த்தார்.

"வட்டம் அதுக்குள்ளதாங்க வருது. அங்க கெணறு இருக்கு."

நான் ஊருக்குள் போய்ச் சொன்னேன். புங்கமரத்தடியில் எல்லாரும் கூடிவிட்டார்கள். மேப்புக்காரர் படத்தைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார். கிணறு இருக்கிறது, தோண்டினால் தண்ணீர் வரும், மாடு பிழைக்கும் என்றார்.

மூப்பர் படத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"தோண்டக் கூடாது."

"ஏங்க? மேப்புல கெணறு இருக்குதே."

"மேப்புல செத்தவங்க கீறாங்களா?"

மேப்புக்காரர் குனிந்து, நாலு கல்லையும் எடுத்து வைத்து, படத்தைச் சுருட்டினார்.

பிறகு மூப்பரே சொன்னார். அவர் அப்பா பொடியனாக இருந்த காலம். ஏரிக்கு முந்தைய காலம். ஓடைக்கரையில் ஏழு வீடு. அதுதான் நம் ஊர். வாந்திபேதி வந்தது. வீட்டுக்கு ஒன்று இரண்டு என்று போனது. தப்பினவர்கள் அடுப்பை அணைத்தார்கள். பானையைக் கவிழ்த்தார்கள். கிணற்றைக் கல் போட்டு மூடினார்கள். திரும்பிப் பார்க்காமல் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். அடுப்பணைத்த இடத்தில் கால் வைக்கக் கூடாது. பேரைச் சொல்லக் கூடாது. சொன்னால் கூடவே வரும் என்பது எங்கள் வழக்கம்.

"எதுக்கு யாருக்கும் சொல்லல?" என்றான் பங்காளி.

"சொன்னா பயந்துக்கினே போவீங்க. மூப்பனுக்குத் தெரிஞ்சா போதும், மத்தவங்க கால் தானா வெலகட்டும்னு எங்கப்பன் சொன்னாரு. அவரு முன்னாடி வளைஞ்சி போனாரு. ஊரு பின்னாடி வளைஞ்சி போச்சு."

என் வீட்டுக்காரிதான் ஆரம்பித்தாள்.

"செத்தவங்க கோவிச்சிக்கினா கால்ல வுழுந்துக்கலாம் மாமா. மாடு செத்தா யாரு கால்ல வுழறது?"

மூப்பர் அவளுக்குச் சின்ன மாமனார் முறை. முறைத்தார். பிறகு நெடுநேரம் யோசித்தார்.

"ஊருக்காரன் எவனும் கால் வைக்கக் கூடாது. சாரு வெளியாளு. தோண்டட்டும். தண்ணி வந்தா அவரே குடிக்கட்டும். சந்தை நாள் வரைக்கும் அவருக்கு ஒண்ணும் ஆவலன்னா, அப்பால பேசலாம். இன்னா சாரு?"

மேப்புக்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டார். "சரிங்க" என்றார்.

கடப்பாறையும் மண்வெட்டியும் நான் கொடுத்தேன். அவர் வளைவுக்குள் போனார். ஊர் முழுக்கக் கரை மேல் உட்கார்ந்துகொண்டது. முதலில் அவர் நூலை வைத்துப் பார்த்த இடத்தில் தோண்டினார். அது தப்பான இடம். நாங்கள் மேலேயிருந்து யோசனை சொன்னோம்.

"சார், கடப்பாற அது. பேனா மாதிரி புடிச்சிக்கிறீங்க."

"சார், மண்ண குழிக்கு வெளிய போடுங்க சார்."

"தரை மாறிப் போச்சா சார்?"

அடுத்து வளைவுக்கு நட்டநடுவில் தோண்டினார். முழங்கால் ஆழத்தில் கல் தட்டியது. வட்டமாக அடுக்கின கல். அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினார். தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. கரையில் சிரிப்பு நின்றுவிட்டது.

உள்ளே பெரிய பெரிய கல்லாகப் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார். கல்லோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்த ஆளால் முடியாது. சந்தை நாளுக்குள் முடியவே முடியாது.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

"டேய்!" என்றார் மூப்பர்.

நான் நிற்கவில்லை. வளைவில் கால் வைத்தபோது உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

"அவனும் இனி வெளியாளு" என்றார் மூப்பர். "சந்தை நாள் வரைக்கும் ஊருக்குள்ள வரக் கூடாது."

என் வீட்டுக்காரி ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளாக அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

இரண்டு பேரும் கல் எடுத்தோம். பிறகு சேறு எடுத்தோம். மூன்றாம் நாள் கால் ஜில்லென்றது. கலங்கலாகத் தண்ணீர் ஊறியது. இறைத்து ஊற்றினோம். மறுபடி ஊறியது. மறுநாள் காலையில் தெளிந்திருந்தது.

அவர் சொம்பில் மொண்டார்.

"காச்சிக் குடிங்க சார்" என்றேன்.

"காச்சிக் குடிச்சா நம்ப மாட்டாங்க."

கரை மேல் இருந்த எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுந்து நின்று, அண்ணாந்து, சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். நானும் ஒரு சொம்பு குடித்தேன். நான் குடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் ஊர் கரைக்கு வரும். நாங்கள் கொட்டகையில் படுத்து எழுந்து வெளியே வருவோம்.

"இன்னா சார், கீறீங்களா?" என்று கூப்பிடுவார்கள்.

"இருக்கேங்க" என்று கையைத் தூக்குவார்.

"நல்லா குரல் குடுங்க சார், மூப்பருக்குக் காது கேக்கல."

"இருக்கேங்க!"

என் வீட்டுக்காரி தூரத்தில் ஒரு பாறை மேல் சோற்றை வைத்துவிட்டுப் போவாள். "ரெண்டு பேருக்கு வைக்கறதா, ஒருத்தருக்கு வைக்கறதான்னு முந்தின நாளே சொல்லிட்டா நல்லது" என்பாள்.

சந்தை நாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் ஒரு காரியம் நடந்தது. புதூர்நாட்டிலிருந்து என் மச்சான் ஒரு பலாப்பழம் கொண்டுவந்தான். என் வீட்டுக்காரி அதில் பாதியை வெட்டிப் பாறை மேல் வைத்தாள். எனக்குப் பலா ஆகாது. வாசனையே ஆகாது. மேப்புக்காரர் உட்கார்ந்தார். சுளை சுளையாக எடுத்தார். படம் பார்க்கிற மாதிரியே, ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"வயிறு சரியில்லீங்க" என்றார் மெல்ல. "வெளிய சொல்லிடாதீங்க. மூப்பர் கெணத்த மூடிடுவாரு."

நான் தலையாட்டினேன்.

கொட்டகைக்கும் புதருக்கும் நடுவில் வெட்டவெளி. கரையிலிருந்து எல்லாம் தெரியும். அவர் தகரக் குழாயை எடுத்துக்கொண்டார். படத்தை உருவிக் கையில் பிடித்துக்கொண்டார். ஏதோ பாறையைத் தேடுகிறவர் மாதிரி, நின்று நின்று பார்த்தபடி புதருக்குப் போனார். வந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி படத்தை எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை நின்று பார்க்கவில்லை. அடுத்த தடவை ஓடினார். படம் காற்றில் கொடி மாதிரி பறந்தது.

கரை மேல் மூப்பர் எழுந்து நின்றார்.

"இன்னாடா இது? சாரு இன்னிக்கு எத்தினி வாட்டி சர்வே பண்றாரு?"

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவருக்காகப் புரிந்தது. பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். வாந்திபேதி என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. எல்லார் முகத்திலும் அதுதான் இருந்தது.

"கெணத்த மூடணும்" என்றார் மூப்பர். "நாளைக்கு லாரி வந்ததும் மாட்ட ஏத்திடலாம்."

"மாமா, பலாப்பழம் நான் குடுத்தேன்!" என்று என் வீட்டுக்காரி கத்தினாள். "பாதிப் பழத்த ஒண்டி ஆளா துன்னா யாருக்குத்தான் புடுங்காது?"

"எனக்கு ஒண்ணும் ஆவல" என்றேன் கொட்டகை வாசலிலிருந்து. "நானும் அதான் குடிக்கிறேன்."

"நீ மலையில பொறந்தவன். கல்லு துன்னாலும் உனக்கு செரிக்கும்."

மூப்பர் கரையிலிருந்து இறங்கி வந்தார். கொட்டகைக்குக் கொஞ்சம் எட்டத்திலேயே நின்றார். மேப்புக்காரர் புதரிலிருந்து படத்தோடு வந்துகொண்டிருந்தார்.

"சாரு. ஒண்ணு கேக்கறேன். நெசம் சொல்லணும். பழமா, தண்ணியா?"

பழம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எனக்கு அவர் வாயையே பார்க்கத் தோன்றியது. என் எருது இரண்டும் அந்த வாயில்தான் இருந்தன.

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டினார்.

"தெரியலீங்க" என்றார். "பழமாத்தான் இருக்கணும். ஆனா தெரியல. அது மேப்புல இல்ல."

மூப்பர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூணு வருசமா பேசறாரு" என்றார் மூப்பர், கரையைப் பார்த்து. "இன்னிக்குத்தான் தெரியாதுன்ற வார்த்த வாயில வந்துது." திரும்பி அவரிடம், "போய்ப் படு சாரு. வெந்நி குடி. நாளைக்குக் காலையில எழுந்து நின்னீன்னா பாக்கலாம்" என்றார்.

கஞ்சித் தண்ணீர் வந்தது. மோருக்கு வழியில்லை. சீரகம் வறுத்துப் போட்ட தண்ணீரை என் வீட்டுக்காரி பாறை மேல் வைக்கவில்லை, கொட்டகை வாசலுக்கே கொண்டுவந்தாள். மூப்பர் பார்த்தார். தடுக்கவில்லை.

சந்தை நாள் விடிந்தது. ஊர் கரையில் நின்றது. மாடுகளை லாரிக்காகக் கயிற்றோடு ஓட்டி வந்திருந்தார்கள். நான் வெளியே வந்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நின்றார்.

யாரும் கேட்கவில்லை. அவராகவே, "இருக்கேங்க" என்றார்.

மூப்பர் கையில் ஒரு சட்டி வைத்திருந்தார். உள்ளே அவர் வீட்டு அடுப்பு நெருப்பு. வளைவின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தார். கிணற்றோரம் மூன்று கல் கூட்டினார். நெருப்பைக் கொட்டி மூட்டினார். புதுப் பானையில் கிணற்றுத் தண்ணீர் மொண்டு வைத்தார். கொதிக்கும் வரைக்கும் குந்தியிருந்தார்.

"அணச்ச அடுப்ப மூட்டிட்டேன்" என்றார், யாரிடமோ. பிறகு ஒரு வீட்டின் பேரைச் சொல்லி, கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு மண்ணில் விட்டார். அடுத்த வீடு. அடுத்த வீடு. ஏழு வீட்டுப் பேரும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அதில் ஒன்று என் பாட்டன் வீடு. அதுவரை எனக்குத் தெரியாது.

மேப்புக்காரர் என் பக்கத்தில் நின்றார். சட்டைப் பையில் பென்சில் இருந்தது. தொடவில்லை. கைகட்டி நின்றார். கடைசியில் மூப்பர் அந்தப் பழைய ஊரின் பேரைச் சொன்னார். எல்லாருக்கும் கேட்கச் சத்தமாகவே சொன்னார். மீதித் தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தார்.

"ஊருக்குக் காச்சிக் குடிக்கச் சொல்லு" என்றார் என் வீட்டுக்காரியிடம். "மாட்ட அவுத்து வுடுங்க."

லாரி உச்சி வெயிலில் வந்தது. நாங்கள் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தோம். ஏரிக்குள் பழைய ஓடைத்தடம் முழுக்க மாடுகள். வியாபாரி கரை மேல் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான்.

"இன்னாய்யா, ஏத்தலயா?"

"இல்ல" என்றார் மூப்பர்.

"டீசல் போட்டுக்கினு வந்திருக்கேன்யா."

"தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவன் திட்டிக்கொண்டே குடித்தான். அன்றைக்குப் பஸ் வரவில்லை. மேப்புக்காரருக்கு மறுநாள் ஆபீஸ். லாரியில் முன்பக்கம் இடமில்லை, வியாபாரியும் ஆட்களும் இருந்தார்கள்.

"பின்னால ஏறிக்க சார். உனக்காவது லாரி ஓடட்டும்" என்றான் வியாபாரி.

மாட்டுக்காகப் போட்டிருந்த வைக்கோல் மேல் அவர் ஏறி நின்றார். பக்கத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். ஆள் இன்னும் வெளுத்துத்தான் இருந்தார். நான் கிட்டப் போய் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவருடைய பாட்டிலில் காய்ச்சின கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தேன்.

"கயித்துல கட்டி வுடு, மேடு பள்ளத்துல வுழுந்துடப் போறாரு" என்றாள் என் வீட்டுக்காரி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

லாரி புறப்பட்டது. எங்கள் மாடுகள் போக இருந்த லாரியில் அவர் ஒருவர் மட்டும் ஆடி ஆடிப் போனார். எருது இரண்டும் தலையைத் தூக்கவில்லை. குடித்துக்கொண்டே இருந்தன.